எல்லா வீடும் உயர்ந்தது

ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணி பத்துக்கு முதல் மணல் லொறி எங்கள் ஒழுங்கையின் ஒடுக்கமான சந்துக்குள் பின்பக்கமாக நுழைந்தது. வெள்ளம் எத்தனை மணிக்கு வந்தது என்று எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் கணக்கில் எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது அந்த லொறி வந்த நேரத்தில்தான்.

அப்போது வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் இருக்கும். கொட்டாஞ்சேனையைத் தாண்டி முகத்துவாரத்துக்கு இறங்கும் வழியில் இருக்கிறது எங்கள் ஒழுங்கை. களனி கங்கை பெருகி, கடலுக்குள் இறங்க முடியாமல் திரும்பி, எங்கள் வடிகான் வழியாகவே வீடுகளுக்குள் ஏறியது. தண்ணீரை வெளியே கொண்டுபோகக் கட்டிய வடிகானே அதை உள்ளே கூட்டிவந்தது. அதற்குப் பிறகு நிவாரணம் வந்தது. ஒழுங்கை முழுவதும் ஒரே நிற வாளி, ஒரே பூப்போட்ட படுக்கை விரிப்பு. கொடியில் காய்வது யாருடையது என்று தெரியாமல் பெண்கள் மாறி மாறி எடுத்துப் போனார்கள். பிறகு நிவாரணம் நின்றது. படம் எடுக்க வந்தவர்களும் வருவதை நிறுத்தினார்கள். இனி அவரவர் வீட்டை அவரவரே கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று விளங்கியபோது அந்த மணல் லொறி வந்தது.

அது எதிர்வீட்டு முஸ்லிம் அண்ணருக்கு, நாங்கள் நானா என்று கூப்பிடுபவருக்கு, வந்த மணல். புறக்கோட்டையில் கதவுப் பூட்டும் பிணைச்சலும் விற்கும் கடை வைத்திருக்கிறார். அடுத்த வெள்ளம் ஏறாதபடி வீட்டுத் தரையை இரண்டரை அடி உயர்த்தினார். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் மூன்றடி உயர்த்தினார்கள். பிறகு ஒழுங்கை முழுவதும் தொற்றிக்கொண்டது. உடைந்த செங்கல், ஊறிப்போன ஓடு, யாரோ ஒருவரின் சலவை இயந்திர மூடி என்று வெள்ளம் கெடுத்த எல்லாவற்றையும் தரைக்கடியில் போட்டு நிரவினார்கள். கூரையை யாரும் உயர்த்தவில்லை. அதற்குக் கையில் சல்லி இல்லை. ஆகவே எல்லாரும் தங்கள் சொந்த வீட்டுக்குள் குனிந்து போனார்கள். ஜன்னல்கள் முழங்காலளவுக்கு வந்துவிட்டன. பக்கத்து வீட்டு மருமகன் எழும்பிக் கையை உயர்த்திக் கொட்டாவி விட்டபோது விரல் மின்விசிறியில் பட்டுத் தையல் போட வேண்டி வந்தது.

எங்கள் வீட்டை உயர்த்த வழியில்லை. கூரை ஏற்கெனவே தாழ்வு. என் கணவர் நல்ல உயரம். இரண்டடி உயர்த்தினால் அவர் உட்கார்ந்தபடிதான் வாழ வேண்டும். ஆகவே ஒழுங்கையில் ஆகத் தாழ்ந்த வீடு எங்களுடையதாயிற்று.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். தரையை உயர்த்தினால் படி வேண்டும். படி கட்ட இடம் எங்கே இருக்கிறது? வடிகானுக்கு மேலே. ஒவ்வொருவரும் வடிகானுக்குள் ஒரு சிறு குழாயை வைத்து, அதன்மேல் சீமெந்தைக் கொட்டிப் படி கட்டினார்கள். நானா கட்டியது படியல்ல, நீளமான சரிவு. அவருடைய உம்மாவுக்குக் கால் வராது. சக்கர நாற்காலியை இறக்க அந்தச் சரிவு வேண்டும். வடிகான் கால்வாயில் விழுவதற்கு முன் கடைசியாகக் கடப்பது அவர் வீட்டு வாசலை. சரிவின் கீழே இருந்த குழாய் பொலித்தீன் பைகளால் அடைத்துக்கொண்டது. அதன் பிறகு ஆறு பெருக வேண்டிய தேவையே இருக்கவில்லை. சாதாரண மழைத் தண்ணீர் சரிவில் முட்டி, ஒழுங்கையைக் குறுக்கே கடந்து, ஆகத் தாழ்ந்த வாசலைத் தேடி வந்தது.

இதை நேரே போய்ச் சொல்லிச் சண்டை பிடிக்கலாம். நான் ஆசிரியை. சத்தம் போட எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் நானாவோடு என்னால் சண்டை பிடிக்க முடியாது.

வெள்ளம் வந்த காலையில் வீட்டுப் பத்திரங்களை நகரின் மறுகோடியில், வெள்ளவத்தையில் இருக்கும் என் அக்காவிடம் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். கணவர் துறைமுகத்தில் வேலையில் இருந்தார். நான் திரும்பி வர பஸ் ஓடவில்லை. பதினாறு வயது மகள் தனியே இருந்தாள். தண்ணீர் ஏறியபோது குளிர்சாதனப்பெட்டி மிதந்து வந்து முன்கதவுக்குக் குறுக்கே விழுந்துவிட்டது. கதவு அசையவில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேசையில் நின்று கத்தியிருக்கிறாள். நானாதான் கடப்பாரை போன்ற அலவாங்கோடு நீந்தி வந்து, கம்பியைப் பெயர்த்து, அவளைத் தோளில் தூக்கிப் போனார். அந்த ஜன்னலுக்குப் புதுக்கம்பி போட்டாயிற்று. நான் இன்னும் அந்தப் பக்கம் பார்த்து உட்காருவதில்லை.

மகள் அன்றிலிருந்து வெள்ளவத்தையில் அக்கா வீட்டில், மூன்றாம் மாடியில். நாங்கள் கழுவினோம், பூசினோம், புதுக்கட்டில் வாங்கினோம். அவள் வரவில்லை. தண்ணீர் உள்ளே வராது என்றால் வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். ஒழுங்கையில் கேட்டவர்களுக்கு, அவள் டியூஷனுக்காக அங்கே தங்கி நிற்கிறாள் என்று சொல்லிவைத்தோம். வெள்ளவத்தையில் டியூஷன் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

வடிகானைத் திருத்தித் தரச்சொல்லி நான் ஏறாத அலுவலகம் இல்லை. ஒன்றில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், "தவ டிக்கக் இன்ன, மிஸ்" என்றாள் சிங்களத்தில். இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். அந்தக் கொஞ்சம் அடுத்த மழைக்காலம்வரை நீண்டுவிட்டது. இன்னோர் இடத்திலிருந்து ஒருவர் வந்தார். கைப்பேசியில் வடிகானைப் படம் எடுத்தார். வெள்ள நேரம் சாப்பாட்டுப் பார்சல் ஒழுங்காகக் கிடைத்ததா என்று விசாரித்தார். கிடைத்தது என்றேன். திருப்தியோடு போனார்.

ஒழுங்கைக் கூட்டம் ஒன்றும் எங்கள் வீட்டில் வைத்தோம். நிமிர்ந்து நிற்கக்கூடிய வீடு எங்களுடையது மட்டும்தான். வடிகானைத் திறக்கவே வேண்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். யாருடைய படியை முதலில் உடைப்பது என்று கேட்டேன். எல்லாரும் தேத்தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றார்கள். நானா கடையில் வேலை என்று அன்று வரவில்லை.

அவரிடம் தனியாகக் கேட்க எத்தனையோ தடவை போனேன். போனால் உம்மா கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துவார். மகளின் படிப்பை விசாரிப்பார். இனிப்பான வட்டிலப்பம் வரும். சொல்ல வைத்திருந்ததை விழுங்கிவிட்டு, கையில் ஒரு கிண்ணத்தோடு திரும்பி வருவேன். உங்கள் பிள்ளையை நான்தானே தூக்கினேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம்.

ஒரு நாள் கணவர் எரிந்து விழுந்தார்.

"அந்த மனுசன் இல்லாட்டி எங்களுக்குப் பிள்ளையே இல்லை. நீர் போய், தாய்க்குக் கட்டினதை உடையுங்கோ எண்டு கேக்கப் போறீரோ?"

"நான் அவரைக் குறை சொல்லேல்லை. பிள்ளை வீட்டை வாறதுக்கு வேற வழி இருந்தா நீங்கள் சொல்லுங்கோ."

அவர் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு முன்வாசலில் போய் உட்கார்ந்தார்.

போன மாதம் ஒரு ஞாயிறு மகளை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கெஞ்சிக் கூட்டிவந்தோம். இறால் குழம்பு வைத்தேன். அவள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டபோது நான் கொஞ்சம் பேராசைப்பட்டேன், இன்று இரவு நிற்கச் சொல்லிப் பார்க்கலாம் என்று. அப்போது மழை பிடித்தது. பெரிய மழைகூட இல்லை. நான் துணிகளை எடுத்துவந்து வாசலில் சாக்கைப் போடுவதற்குள், தண்ணீர் கடதாசி அளவு மெல்லியதாகக் கதவுக்குக் கீழால் வழுக்கி வந்து அவள் காலைத் தொட்டது.

அவள் கத்தவில்லை. சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்தாள். கழுவாத கையோடு, செருப்பில்லாமல், கதவைத் திறந்து ஒழுங்கையைக் கடந்து, நானாவின் சரிவில் ஏறி, அதன் ஆக உயர்ந்த இடத்தில் போய் நின்றாள். நான் கூப்பிட்டேன். அசையவில்லை. நான் பின்னால் போய்ச் சரிவின் அடியில் நின்றபோது நானா கதவைத் திறந்தார்.

"மகள், ஏன் மழையில நிக்கிற? உள்ளுக்கு வாங்க."

"வேணாம் மாமா. இதிலயே நிக்கிறன். இஞ்ச தண்ணி வராது."

"நனையிறீங்களே. அப்ப உங்கட வீட்டுக்காவது போங்க."

"அங்க நான் இருக்கிறேல்லை மாமா. வெள்ளத்துக்குப் பிறகு ஒரு நாளும் படுக்கேல்லை. தண்ணி வரும்."

நானா ஒழுங்கையைப் பார்த்தார். தண்ணீர் அவருடைய சரிவில் முட்டித் திரும்பி எங்கள் வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், டியூஷன் எண்டுதானே சொன்னீங்க?"

மழை நின்றதும் கணவர் அவளை முச்சக்கர வண்டியில் வெள்ளவத்தைக்குக் கூட்டிப் போனார். நான் தரையைத் துடைத்தேன். மிச்சக் குழம்பு இரண்டு நாள் கிடந்தது.

அந்தக் கிழமை முழுவதும் நானா எங்கள் பக்கம் வரவில்லை. வட்டிலப்பமும் வரவில்லை. உள்ள உறவையும் கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்தேன். படி கட்டிய அத்தனை பேர்மீதும், மணல் விற்றவன்மீதும், கடைசியில் கங்கைமீதும் எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு ஒழுங்கை மீண்டெழுவது என்றால் ஒருவர் மற்றவரின் தலைக்கு மேலே ஏறி நிற்பதுதானா?

நேற்றுக் காலை கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மாநகர சபையிலிருந்து வடிகானைப் பார்க்க வந்துவிட்டார்கள் என்ற நினைப்பில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓடினேன். நானா நின்றார். தோளில் நீளமான தடித்த பலகைகள் இரண்டு. அந்த அலவாங்கு கையில். எதிரே கதவடியில் உம்மா சக்கர நாற்காலியில் இருந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரிவை உடைக்கப் போவதாகச் சொன்னார். உம்மாவிடமும் கேட்டாராம். மற்றவர்களின் படிகளைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அது பிறகு பார்க்கலாம் என்றார். அப்படியானால் உம்மாவை எப்படி இறக்குவது என்று கேட்டேன். பலகைகளை எங்கள் சுவரில் சாத்தி வைத்தார்.

"இது ரெண்டையும் போட்டுத்தான் எறக்கணும். உம்மா கிளினிக் போற சனிக்கிழமைக்கு மட்டும்தான். நாற்காலியை நான் பிடிப்பேன். பலகை வழுக்காம கீழ மிதிச்சிக்கொண்டு நிக்க ஒராள் வேணும், அதுக்கு மகள் இங்க இரிக்கணும். எப்ப வார எண்டு கேட்டுச் சொல்லுங்க, டீச்சர்."