கச்சான் காற்றில் கண்டக்குழிப் பப்பாளி

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கின கிழமை, ஒரு வியாழன் காலை கண்டக்குழிக்குப் போனேன். என் தம்பி நவாஸ் அங்கே பப்பாளித் தோட்டம் செய்கிறான். தன் மகளின் கலியாணத்தில், எல்லாரும் சாப்பிட்டு எழும்பின பிறகு என்னைக் கடைசிச் சஹன் தட்டில் உட்கார வைத்தவன் அவன். இறைச்சி முடிந்து வெறும் சோறும் பருப்பும்தான். என்னோடு அந்தத் தட்டில் இருந்த ஐந்து பேரின் பெயரையும் இன்றைக்கும் சொல்லுவேன். எட்டு வருஷமாக அவன் வாசலை மிதிக்கவில்லை.

ஆனால் அவனே போன் எடுத்தான். அவனிடம் பழம் வாங்கும் கம்பனி, பழத்தில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று சோதிக்கச் சில பழங்களைக் கொண்டுபோயிருந்தது. ஒருமுறை தவறிவிட்டது. இன்னொருமுறை தவறினால் அவனிடம் வாங்குவதையே விட்டுவிடுவார்கள். "வியாழன் முடிவு சொல்லுறாங்க ராத்தா. பக்கத்துல இருங்க." வாப்பா கிணறு வெட்டின காணி அது. போனேன்.

புத்தளத்தில் ஆறரைக்குக் கற்பிட்டி பஸ். கட்டணம் இருநூற்று நாற்பது. பாலாவி தாண்டினால் உப்பளம், பிறகு வெங்காயமும் மணலும். வலது பக்க யன்னலில் இருங்கள், இடது பக்கம் கண்ணெல்லாம் மணல். ஒன்றரை மணித்தியாலத்தில் கண்டக்குழிச் சந்தி. அங்கிருந்து இரண்டு கிலோமீற்றர் ஓட்டோ, பேசினது இருநூற்று எண்பது, கொடுத்தது முந்நூறு ரூபாய்.

"கடல்ல பட்டத்துல பறக்குற வெள்ளைக்காரங்களப் பாக்கவா உம்மா?" என்று ஓட்டோக்காரன் கேட்டான்.

"ஏன், எனக்கும் ஒரு பட்டம் வச்சிருக்கியா?" என்றேன். சிரித்தான், ஆனால் இருபது ரூபாய் மிச்சம் தரவில்லை.

தோட்டத்தை ஒருதரம் சுற்றி வந்தேன். மருந்துப் போத்தல்கள் பூட்டின பெட்டியில். மருந்தடிக்கிற முதுகுத் தாங்கியைக் கிணற்றடியில் கழுவுவதில்லை. கை கழுவத் தனியாகப் பைப்பும் சவர்க்காரமும். மருந்தடித்த வரிசையில் சிவப்புத் துணி, பறிக்கலாம் என்கிற நாள் வந்தால்தான் அவிழ்ப்பான்.

"முதல்முறை என்ட பிழைதான்," என்றான். "அடிச்சு நாலாம் நாள் பறிச்சன். இது யாரோ வெளிநாட்டான்ட வாய்க்குச் செய்யிற வேலை எண்டு நினைச்சன். அப்ப எங்கட வீட்டுக்கு மட்டும் மூலையில நாலு மரம், மருந்து இல்லாம. கம்பனியால தோட்டம் பார்க்க வாற பிள்ளை அதைப் பார்த்திட்டு, 'அப்ப மத்த மரம் ஆருக்கு?' எண்டு கேட்டிச்சு. அதோட விளங்கிட்டு."

பதினொரு மணிக்கு அந்தப் பிள்ளையே போன் எடுத்தாள். அவன் "ஓம்… ஓம்" என்றே கேட்டான். பிறகு கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டான். மருந்து இருக்கிறதாம், கம்பனி இனி வாங்காதாம். அவனுடைய மருந்து இல்லையாம், மிளகாய்க்கு அடிப்பது.

கடல் பக்கத்து வேலிக்கு அந்தப் பக்கம் ஜாபிரின் மிளகாய்த் தோட்டம். கச்சான் அங்கிருந்துதான் இங்கே வருகிறது. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலியடிக்குப் போனேன். எட்டு வருஷக் கோபத்தோடு இதையும் சேர்த்துக் கொட்டுவதுதான் யோசனை.

"நான் என்ன, உங்கட மரத்துக்கா அடிச்சன் ராத்தா?" என்றான் ஜாபிர். "போத்தல்ல எழுதின அளவுதான். நாள் எண்ணித்தான் பறிக்கிறன். எனக்கும் பிள்ளைகள் இருக்கு."

"காத்துல அடிக்காதெண்டு போத்தல்ல போடல்லையா?"

"போட்டிருக்கு. விடியச் சாமம் காத்து கொஞ்சம் குறையுது, அப்பதான் அடிக்கிறன். நாலஞ்சு மாசம் காத்து. பூச்சி அதுவரைக்கும் பார்த்திட்டு இருக்குமா?"

திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைக்காமல் நான் திரும்பி வந்தது என் ஆயுளில் அன்றைக்குத்தான்.

நவாஸ் பறித்து வைத்திருந்த பழத்தைப் பின்னேரம் ஒரு சந்தை லொறிக்காரன் வந்து ஏற்றினான். எந்த மருந்து, எப்போது அடித்தது, ஒரு கேள்வி இல்லை. எங்கே போகிறது என்று கேட்டேன். "புத்தளத்துக்குத்தான் உம்மா." நான் வாங்கித் தின்கிற சந்தைக்கு.

"இனி என்ன செய்யப் போறாய்?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"மரத்தை வெட்டிட்டு மிளகாய் போடுவன். ஜாபிர் அடிக்கிற அண்டைக்கே நானும் அடிச்சாப் போச்சு." பைப்படியில் இருந்த சவர்க்காரத்தை எடுத்து வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தான்.

போக நினைப்பவர்களுக்கு: கற்பிட்டியில் இருந்து கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள், நாலரை பஸ்ஸுக்கே சந்தியில் நில்லுங்கள். தலைக்குத் துணி, குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். பப்பாளி வாங்கினால் ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவி, தோலைத் தடிப்பாகச் சீவுங்கள். கழுவினால் எல்லாம் போகுமா என்று கேட்டால், போகாது என்றுதான் நவாஸ் சொன்னான்.

புறப்படும்போது அவன் ஒரு பழம் வெட்டி, நல்ல தட்டில் வைத்து, எனக்கு முதலில் நீட்டினான். தின்னலாமா என்று நான் கேட்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். முழுக்கத் தின்றேன்.