பாலத்தடியில் இன்ஜினை அணைக்கும் அப்பா

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேராவது அப்பாவின் வேனை ஒருமுறை தள்ளியிருப்பீர்கள். ஆகவே மிகைப்படுத்தி எழுத எனக்கு வழியில்லை.

அப்பா கருங்குழியில், சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்தார். அரிசி ஆலை லாரியில் மூட்டை ஏற்றப் போய், ஓட்டக் கற்று, வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில் ஒரு பழைய டீசல் வேன் வாங்கி, மாமல்லபுரத்தில் குடியேறினார். அங்குள்ள மீனவர் குப்பத்துப் பெண்களையும் மீன் கூடைகளையும் தினமும் செங்கல்பட்டுச் சந்தைக்கு ஏற்றிச் செல்வதுதான் தொழில். கூடையைப் பார்த்தாலே பஸ்காரர்கள் விசில் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பெண்களுக்கு அப்பாவின் வேனை விட்டால் கதியில்லை.

அப்போதுதான் டீசல் விலை ஏறத் தொடங்கியது. மற்ற வண்டிக்காரர்கள் மறுநாளே கூலியை உயர்த்தினார்கள். அப்பா, "நான் ஏத்த மாட்டேன்" என்று பெண்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, அன்று முழுக்க அம்மாவின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

வாக்கைக் காப்பாற்ற அவர் கண்ட வழி, இறக்கம் வந்தால் இன்ஜினை அணைத்துவிடுவது. கால்வாய்ப் பாலத்தின் ஏற்றம் வந்தாலும் அணைத்துவிடுவார். "எறங்குங்கடி, தள்ளுங்கடி!" என்று திரும்பிப் பாராமல் ஒரு குரல். பெண்கள் இறங்கி, அவரை வாய் நிறையத் திட்டிக்கொண்டே பாலத்தின் உச்சிவரை தள்ளி, ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள். மறுபக்கம் வேன் தானாக இறங்கும். இந்தப் பழக்கம் முற்றி, மாட்டு வண்டியில் போகும்போதுகூட இறக்கம் வந்தால் அப்பாவின் கை சாவியைத் தேடும்.

என்னைப் பெண் பார்க்க மதுராந்தகத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து தானே அழைத்து வருவேன் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். வேனைப் பினாயிலால் கழுவி, ஊதுபத்தி ஏற்றி, பன்னீர் தெளித்தார். மீன் வாடை எதற்கும் அசையவில்லை.

வழியெல்லாம் ஒழுங்காகத்தான் ஓட்டினாராம். பாலம் வந்தது. கை தானாகச் சாவியைத் திருப்பியது. வாயும் தானாகத் திறந்தது.

"எறங்குங்கடி, தள்ளுங்கடி!"

பின்னால் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளையின் அம்மா.

முதலில் இறங்கியவர் மாப்பிள்ளைதான். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். அப்பாவோ பதற்றத்தில் இன்ஜினைத் திரும்பக் கிளப்பவும் மறந்துவிட்டார்.

இன்ஜினை அணைத்த காரணத்தைக் கேட்டுக்கொண்டு, எங்கள் கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பா கறாராகப் பேசினார். "டீசல் விக்கிற வெலைல கூலிய ஏத்தவேண்டியதுதான? இல்ல, இந்த மீன் வண்டிய வித்துடுங்க. அப்பால சம்பந்தம் பேசலாம்."

"ஏத்துனா அவங்க எறங்கிடுவாங்க. அவங்க கூடைய பஸ்ல எவன் ஏத்துவான்? வாக்கு குட்த்துட்டேன், மன்னிச்சிக்கங்க" என்றார் அப்பா.

சமையற்கட்டில் நின்ற எனக்கு அப்பாமேல் வந்த கோபத்தை இங்கே எழுதினால் அச்சகத்தார் நீக்கிவிடுவார்கள். மகளைவிட மீன்காரப் பெண்கள் பெரிதாகப் போய்விட்டார்களா என்று அழுதேன்.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா எழுந்து கணவர் பக்கம் திரும்பினார். "இன்னா பேசிகினு கீற நீ? ஊரே வெல ஏத்துறப்போ குட்த்த வாக்க வுடாத மனுசன் இவுரு. 'டி' போட்டாரே, அதுக்கு வேணா நான் சண்ட போட்டுக்குறேன். பொண்ண வுட முடியாது. பூவ வைங்க."

கல்யாணமாகி எனக்கு அத்தையான பிறகும் அந்தச் சண்டையை அவர் கடைசிவரை விடவில்லை. அப்பா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "இன்னா சம்பந்தி, எறங்கட்டுமா?" என்றுதான் வரவேற்பார். அப்பா அரைச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். என் கணவர் பிறகு அப்பாவிடமே வேன் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

டீசல் அதன்பிறகும் ஏறியது. அப்பா கூலியை ஏற்றவில்லை. மார்வலி வந்த காலையில்கூட, "கூடைங்க காத்துகினு கீது" என்று சாவியைத் தேடினார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

அப்பாவை அவருடைய வேனிலேயே கொண்டுபோனோம். கணவர் ஓட்டினார். சுடுகாடு கால்வாய்க்கு அப்பால் இருக்கிறது. பெண்கள் பாலத்தடியோடு நின்றுவிடுவதே வழக்கம். வேன் ஏற்றத்தில் முனகியபோது, குப்பத்துப் பெண்களில் மூத்தவர் முந்தானையை இழுத்துச் செருகினார்.

"அண்ணாத்த சொல்லாட்டி இன்னா? தள்ளுங்கடி!"

அத்தனை பேரும் அழுதபடி வந்து கைவைத்தார்கள். அன்று பட்டுப்புடவையில் வந்த என் அத்தையும் அவர்கள் நடுவே நின்று தள்ளினார். இன்ஜின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, இன்ஜினை அணைத்தார்.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், பந்தலிட்டவர்களுக்கும், தொலைவிலிருந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தப் பாலத்தின் உச்சிவரை ஒரு சொட்டு டீசல் செலவில்லாமல் அப்பாவைக் கொண்டுசேர்த்த கைகளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வேன் நாளையும் வழக்கம்போலச் சந்தைக்குப் போகும். கூலி பழைய கூலிதான்.