எபி அண்ணன் போட்ட வெள்ள வட்டம்

செவ்வாக்கெழம காலையில முருகன் கோயில்ல பிரகாரம் சுத்திகினு இருந்தேன். ஒம்பது சுத்து வேண்டுதல். அஞ்சாவது சுத்துல போன் அடிச்சுது. சாமிய சுத்தறப்ப நான் போன் எடுக்கறதில்ல. நின்னுது, திரும்ப அடிச்சுது. எடுத்தேன். கவரப்பேட்ட டீக்கட ரேவதி. "யக்கா, டயர் கட எபி அண்ணன் போயிட்டாருக்கா. ஒரு வண்டிக்குக் காத்து புடிச்சிகினு இருந்தாரு, அப்டியே டயரு மேல குந்தினாரு, எழுந்துக்கவே இல்ல" அப்டின்னா. மீதி நாலு சுத்த நான் சுத்தினனா இல்லியான்னு இன்னிக்கி வரைக்கும் எனக்கு நெனப்பு இல்ல.

அண்ணனோட நாப்பதாம் நாளு ஜெபக்கூட்டத்துக்கு லாரி ஓனருங்க சங்கத்துல சின்னதா புஸ்தகம் போடறாங்க. ஒரு காலத்துல லாரி வெச்சிருந்தவங்க நீங்க, நீங்களும் எழுதுங்கன்னாங்க. நான் பொதட்டூர்பேட்ட பக்கம் கிராமத்துப் பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும் படிச்சவ. பேசற மாதிரிதான் எழுத வரும். கொஞ்சம் ஜாஸ்தியாவே பேசுவேன், அது அண்ணனுக்கும் தெரியும். "தங்கச்சி வந்துச்சுன்னா கம்ப்ரசர ஆப் பண்ணிடு, ரெண்டு சத்தம் தாங்காது" அப்டிம்பாரு.

எபினேசர்னு முழுப் பேரு. அவங்க அப்பா அம்மா நெல்லு வயல்ல கூலி வேல பாத்தவங்க. இவரு கொஞ்ச நாளு பேக்டரிக்குப் போய்கினு இருந்துட்டு, அப்பால கவரப்பேட்டையில ரோட்டோரமா தகர ஷெட்டு போட்டு டயர் கட வெச்சாரு. வண்டி வந்து நின்னா இன்னா ஏதுன்னு கேக்க மாட்டாரு. இரும்புத் தடிய எடுத்துகினு ஒவ்வொரு டயரா தட்டிகினே ஒரு சுத்து வருவாரு. டங்குன்னு கேட்டா நல்லது, தொப்புன்னா காத்து இல்ல. எங்க லாரிக்குப் பத்து டயரு. முன்னாடி ரெண்டு, பின்னாடி எட்டு. பின்னாடி ஜோடி ஜோடியா இருக்கறதுல வெளி டயர எல்லாரும் பாத்துடுவாங்க. இவரு வண்டிக்கு அடியில பூந்து உள் டயர பாப்பாரு. காத்து கம்மியானது உள்ள இருந்தா பக்கத்துல இருக்கறது ரெண்டு பேரு பாரத்த தூக்கும், அதுவும் சீக்கிரம் பூடும்னு சொல்லுவாரு. எழுந்து வர்றப்ப முதுவு பூரா கிரீசு. சலோமி அண்ணி, அவரு சம்சாரம், அந்த சட்டைங்கள தொவைக்கறதுக்கே ஒரு தனி கல்லு வெச்சிருந்தாங்க.

எல்லாரும் அவர கேக்கறது ஒண்ணுதான், டயரு எத்தினி நாளு ஓடும். என் கொழுந்தனும் எங்க ஊட்டுக்காரரும் ஒரே நாளுல, ஒரே கம்பெனி டயரு, அண்ணன் கிட்டதான் வாங்கினாங்க. எங்குளுது நல்லா ஓடி, மேல புது ரப்பரு ஒட்டி அப்பறமும் ஓடிச்சு. கொழுந்தனுது ஒரு வருசத்துல மொட்டையாப் போச்சு. டூப்ளிகேட் டயர குட்த்துட்டன்னு அண்ணன் கிட்ட சண்டைக்குப் போனான். அண்ணன் சத்தம் போடல. கண்ண மூடிகினு அந்த டயர உள்ளங்கையால தடவினாரு. அப்பால ஒவ்வொண்ணா சொன்னாரு. ரெண்டு ஓரமும் தேஞ்சி நடுவுல பட்டன், அந்த ரப்பர் கட்டைங்க, அப்டியே கீது, காத்து கம்மியா வெச்சி ஓவர் லோடு அடிச்சிருக்க. இந்தப் பக்கம் தடவினா ரம்பம் மாதிரி கீது, அலைன்மென்ட் பாக்கவே இல்ல. இங்க ஒரு எடம் மட்டும் வழிச்சி எடுத்தாப்ல கீது, பிரேக்க மிதிச்சி ரோட்டுல இஸ்துகினு போயிருக்க. "நைனா, டயர வித்தது நான். தேச்சது நீ" அப்டின்னாரு. அந்த வார்த்த கும்முடிப்பூண்டி வரைக்கும் போயி, கொஞ்ச நாளு எல்லா டிரைவரும் அவன தேச்சவருன்னே கூப்ட்டாங்க.

இன்னொரு நாளு கத்திரி வெயில்ல ஒரு ஆந்திரா டிரைவரு, டயரு கல்லாட்டம் கீதேன்னு ரோட்டோரமா நிறுத்தி காத்த எறக்கிகினு இருந்தான். அண்ணன் செருப்பு கூட போடாம ஓடிப் போயி கைய புடிச்சாரு. சூட்டுல காத்து ஏறத்தான் ஏறும், இப்ப எறக்கினா ஆறினப்பறம் சப்பையாப் பூடும், சப்பையா ஓட்டினா இன்னும் சூடாவும், அப்பதான் வெடிக்கும்னு சொல்லி, நெழல்ல நிக்க வெச்சி மோர் வாங்கிக் குட்த்து அனுப்பினாரு. அந்தாளுக்குத் தமிழே தெரியாது. பாதி கையாலதான் பேசினாரு.

நான் கோயிலுக்குப் போய்ட்டு வந்தா அவருக்கு விபூதிப் பொட்டலம் குடுப்பேன். வாங்கி சட்டப் பாக்கெட்டுல வெச்சிப்பாரு, ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறப்பவும் அது உள்ளயே கெடக்கும். லாரி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்கறத பாத்தா மட்டும் கிண்டல் பண்ணுவாரு. "பழம் நசுங்கறதுக்காவது டயருல காத்து வேணுமில்ல தங்கச்சி, அத்த மொதல்ல பாரு" அப்டிம்பாரு. அப்டி பேசினவரு ஒம்பது வருசமா என்கிட்ட அந்தக் கிண்டல பண்ணதில்ல. அது ஏன்னுதான் இப்ப எழுதப் போறேன். இத்த எழுதறதுக்குத்தான் நான் இத்தினி சுத்து சுத்தினேன்.

ஒம்பது வருசம் முன்னாடி, ஆயுத பூஜைக்கு மொத நாளு. பூஜைக்கு முன்னாடி எல்லாரும் வண்டிய காட்ட வருவாங்க, அண்ணன் கடையிலருந்து ரோடு வரைக்கும் லாரி நிக்கும். அந்த மாதிரி கும்பல்ல ஒவ்வொருத்தர் கிட்டயும் நின்னு சொல்ல முடியாது. கோளாறு இருக்கற எடத்துல சாக்பீஸால ஒரு வெள்ள வட்டம் போட்டுட்டு அடுத்த வண்டிக்குப் போயிடுவாரு. வட்டம் போட்ட டயர மாத்தாம ரோட்டுக்கு எடுக்கக் கூடாது. இந்த ரோட்டுல லாரி வெச்சிருக்கற அத்தினி பேருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். தெரியாதுன்னு எழுதினா சாமி குத்தம்.

எங்க ஊட்டுக்காரரு டிரைவர் பக்கமா ஏறி வண்டிய ஊட்டுக்கு ஓட்டிகினு வந்துட்டாரு. வட்டம் இருந்தது அந்தாண்ட பக்கம், முன் டயருல. மறுநா காலையில அவரு பூசணிக்கா வாங்கப் போயிட்டாரு. நான் தேங்கா நாரு போட்டு டயருங்கள தேச்சிகினு வர்றேன். பாத்தேன். வட்டத்துக்குள்ள ஒரு கீறலு, என் சுண்டு வெரலு நீளம். பேக்டரி யார்டுல கெடக்கற இரும்புத் துண்டு கிழிச்சிருக்கும். பூஜ நாளும் அதுவுமா வண்டியில கொறைன்னு வாயால சொல்லக் கூடாதுன்னு எங்க ஊட்டுப் பழக்கம், சொன்னா பலிச்சிடும். பூஜ முடிஞ்சி சொல்லிக்கலாம்னு நெனச்சேன். சாமி முன்னாடி இப்டி கிறுக்கலோட நிக்கக் கூடாதேன்னு வட்டத்த தேச்சி அழிச்சேன். அங்கயே மஞ்சளும் சந்தனமும் கொழச்சி அப்பினேன். என் வெரலு அந்தக் கீறலுக்குள்ள போய்ட்டு வந்துச்சு. மேல விபூதிப் பட்ட போட்டு குங்குமம் வெச்சேன். பக்கத்து ஊட்டுப் பொம்பளைங்க, டயரே சாமியாட்டம் கீதுன்னாங்க.

அப்பறம் சுண்டலு, பொரி, வர்றவங்க போறவங்க. மறந்தேபூட்டேன்.

மறுநா நல்ல நேரம் பாத்து வண்டிய எடுத்தாரு. முன் சக்கரத்துல பழம் வெச்சேன். ஏத்தி நசுக்கிட்டு வண்டி தெரு முனைக்குப் போவுது, அப்பதான் எனக்கு வட்டம் நெனப்பு வந்துச்சு. கூப்பிடறதுக்கு வாய தெறந்தேன். பயணம் போறவங்கள பின்னாலருந்து கூப்புடக் கூடாதுன்னு அம்மா சொல்லி வளத்தது. மூடிக்கினேன். ஒரு கொரல் குட்த்திருந்தா நின்னிருப்பாரு. பேக்டரியில லோடு ஏத்தறப்ப சொல்லிக்கலாம்னு ரெண்டு தபா போன் போட்டேன், கேட்டுலயே போன வாங்கி வெச்சிடுவாங்க, எடுக்கல.

கம்பி லோடோட காரனோடை ஊர தாண்டறப்ப டயரு வெடிச்சி, வண்டி இஸ்துகினு போயி பாலத்துக் கட்டையில மோதிச்சு. முட்டிக்குக் கீழ கால எடுத்துட்டாங்க.

மூணாவது நாளு ஆஸ்பத்திரியில சங்கத்துக்காரங்க ரெண்டு பேரு அண்ணன இட்டுகினு வந்தாங்க. நீ பாத்த வண்டிதானே, வட்டம் போட்டியா இல்லியான்னு கேட்டாங்க. அண்ணன் போட்டாப்லதான் கீதுன்னாரு. கட்டில்ல படுத்திருந்த எங்க ஊட்டுக்காரரு, பூஜையில பத்து டயரையும் தொட்டுக் கும்புட்டேன், எதுலயும் வட்டம் இல்லன்னாரு. அவரு பொய் சொல்லல. அண்ணன் அவரு மூஞ்சிய பாத்தாரு, போர்வ தட்டையா கெடந்த எடத்த பாத்தாரு.

"அப்டின்னா நான்தான் வுட்டுட்டேன் மச்சான்" அப்டின்னாரு.

நான் பிளாஸ்க்க புடிச்சிகினு பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன். ஊர் பூரா கேக்க பேசறவ, அன்னிக்கி என் நாக்கு எழுந்துக்கல. சொன்னா இந்த மனுசன் எழுந்து நடக்கப் போறாரான்னு ஒரு சமாதானம். நாளைக்கி சொல்லலாம்னு ஒரு சமாதானம். அந்த நாளைக்கி ஒம்பது வருசம் ஓடிச்சு.

லாரிய வித்தோம். தேர்வாய் கண்டிகையில ஒரு கம்பெனியில எங்க ஊட்டுக்காரரு கேட்டுல உக்காந்து நோட்டு எழுதறாரு, நான் அதே கம்பெனி கேன்டீன்ல சப்பாத்தி தேய்க்கறேன். மாவு தூவின கல்லுல வட்டமா அது விரியறப்ப சில நாளு கை அப்டியே நின்னுடும். பால் டம்ளரு வெச்ச எடத்துல தரையில வளையம் இருந்தா என்னால தொடைக்க முடியாது, ஊட்டுக்காரர தொடைக்கச் சொல்லுவேன். சாமிக்கு மஞ்சள் கொழச்சா சுண்டு வெரலு பக்கத்துல அந்தக் கீறலு தெரியும். அண்ணன் பேர எடுத்தா இவரு தட்ட வுட்டு எழுந்துடுவாரு.

அண்ணன் சாக்பீஸ வுட்டுட்டு மஞ்ச பெயின்ட்டு வாங்கினாரு. ஒரு வண்டிய ரெண்டு தபா, மூணு தபா சுத்தினாரு. டிரைவர கையப் புடிச்சி இட்டுகினு வந்து காட்டாம வுட மாட்டாரு. அவசரத்துல வர்றவங்களுக்கு அது பேஜாரு. அண்ணன் மூணாவது சுத்து சுத்தி முடிக்கறதுக்குள்ள விஜயவாடாவே போய்ட்டு வந்துடலாம்னு கிண்டல் பண்ணிட்டு, மிஷின் வெச்ச புதுக் கடைக்குப் போனாங்க. கிண்டல் பண்ணவங்கள்ல சில பேரு இந்த புஸ்தகத்துலயும் எழுதியிருப்பீங்க. உங்க மேல தப்பில்ல. உங்குளுக்குத் தெரியாது.

ரெண்டு வருசம் முன்னாடி சொல்லியே தீர்றதுன்னு அவரு கடைக்குப் போனேன். விபூதிப் பொட்டலத்த குட்த்தேன். வாங்கி பாக்கெட்டுல வெச்சிகினு, நான் வாய தெறக்கறதுக்கு முன்னாடி அவரே பேசினாரு. "தங்கச்சி, அந்த டயரு தெனம் என் முன்னாடி வந்து நிக்குது. வட்டம் போட்டது நல்லா தெரியுது, கையில சாக்பீஸ் தூள் கூட தெரியுது. ஆனா மச்சான் இல்லன்றாரு. அவரு ஏன் பொய் சொல்லப் போறாரு. என் கண்ணுதான் பொய் சொல்லுது." நான் இன்னா சொன்னேன் தெரியுமா? வுடுங்கண்ணே, எல்லாம் முருகன் போட்ட விதின்னேன். சாமி பேர சொல்லிதான் அதையும் சொன்னேன். டீ வாங்கிக் குட்த்தாரு, குடிச்சிட்டு வந்துட்டேன்.

அண்ணன சவப்பொட்டியில வெச்சிருந்தப்ப போயி பாத்தேன். கண்ணு முழுசா மூடல, லேசா தெறந்தாப்லயே இருந்துச்சு. சலோமி அண்ணி என் கைய புடிச்சிகினு, இந்தக் கண்ண மூணு டாக்டர் கிட்ட காட்டினாரு, மூணு பேரும் நல்லா கீதுன்னாங்க, அவரு நம்பவே இல்லன்னு அழுதாங்க. அப்பதான் எனக்குத் தெரிஞ்சிது, நான் அழிச்சது வெறும் சாக்பீஸ் இல்ல.

போன வாரம் அண்ணி ஊட்டுக்குப் போயி எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவாங்கன்னு பாத்தேன், திட்டல. என் கைய உதறிட்டு எழுந்து போயி கதவாண்ட நின்னாங்க. "எழுது. அவரு கண்ணு நல்லாதான் இருந்துச்சுன்னு எழுது" அப்டின்னாங்க. வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல.

இன்னிக்கி காலையில எங்க ஊட்டுக்காரர் கிட்ட சொன்னேன். நாஷ்டா துன்னுகினு இருந்தாரு. முழுசா கேட்டாரு. தட்டுலயே கை கழுவினாரு. "அந்த மனுசன் என்ன மச்சான்னு கூப்ட்டாரும்மே. ஒம்பது வருசம் நான் திரும்பிப் பாக்கல" அப்டின்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சி, ஜெபக்கூட்டத்துக்கு என்னையும் இட்டுகினு போன்னாரு. என்கிட்ட அப்பறம் பேசல. பேசுவாரா தெரியாது.

அதனால, சலோமி அண்ணி சொன்னத எழுதறேன். எபி அண்ணன் கண்ணு நல்லாதான் இருந்துச்சு. அந்த டயருல அவரு வட்டம் போட்டாரு. போட்டது போட்டதுதான்.

அவரு ஞாபகமா ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குவாங்க. எனக்கு வேண்டியது அவரு ஆஸ்பத்திரியில சொன்ன அந்த ஒரு வார்த்த. அது என் வாயில வந்திருக்க வேண்டியது, ஒம்பது வருசம் அவரு சொமந்தாரு. அத்த இப்ப நான் வாங்கிக்கறேன். என் உசுரு இருக்கற வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்.

நான்தான் அண்ணே. அழிச்சது நான்தான்.