மாமா கை பட்ட ரொட்டி

ஜெயிலில் சுட்ட ரொட்டியைச் சாப்பிடாதவர் எங்கள் ராயபுரம் தெருவில் ஒருவர்கூடக் கிடையாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

தெருமுனையில் குகை மாதிரிக் கட்டி, உள்ளே சிலை வைத்த அந்தோணியார் கெபி இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு ரொட்டி கொடுப்பார்கள். நேர்ந்துகொண்ட குடும்பம் எதுவோ அதுதான் வாங்கித் தரும். வழக்கமாக வாங்குவது ஜெயில் வாசலில் இருந்த கடையில். உள்ளே கைதிகள் சுடுவார்கள், வெளியே விற்பார்கள். விலை சல்லிசு, பஞ்சு மாதிரி இருக்கிறது என்று தெருவே புகழும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது அந்த ஜெயிலுக்குள்தான் இருந்தார். துறைமுகத்தில் நடந்த ஒரு அடிதடி அவரை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தது. அம்மா மனு போட்டு அவரைப் பார்த்துவிட்டு வரும்போதெல்லாம் வாசல் கடையில் ஒரு ரொட்டி வாங்கி வருவாள். "உங்க மாமா கையால சுட்டதுடி" என்பாள். மாமாவுக்குப் பெரிய ரொட்டிக் கம்பெனியில் வேலை, லீவுதான் தரமாட்டேன் என்கிறார்கள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

மாமா விடுதலையாகி வந்தார். தொழில் கற்றதற்கு ஒரு சான்றிதழும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். திருந்திவிட்டான் என்பதற்குக் கொடுத்த அந்தக் காகிதத்தில் ஜெயில் முத்திரையைப் பார்த்ததுமே பேக்கரிக்காரர்கள் ஆள் தேவையில்லை என்றார்கள். கல்மண்டபம் பக்கம் ஒருவர் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார். "உங்க தெரு சனம் உன் ரொட்டிய துன்னட்டும், அப்பால வேலைக்கு வெச்சிக்கிறேன்" என்று ஒரு மத்தியானம் அடுப்பையும் விட்டுக்கொடுத்தார். தம்பி வெளியே வந்தால் அந்தோணியாருக்கு ரொட்டி என்று அம்மா ஏற்கெனவே நேர்ந்திருந்தாள். அந்த நேர்ச்சை ரொட்டியை மாமாவே சுடுவது என்று ஆயிற்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஜெபம் முடிகிற நேரத்துக்கு மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடையைச் சுமந்து வந்தார். வாசனைக்காகவே நான் கூடையை ஒட்டியே ஓடினேன். கெபி கமிட்டித் தலைவர் கூடையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், அம்மாவைத் தனியே கூப்பிட்டார்.

"தப்பா எட்துக்காதம்மா. அவன் கை பட்டதுன்னா சனம் துன்னாது. சாமி காரியம் வேற. வழக்கமா வாங்குற எடத்துலயே வாங்கியாந்துடு."

"வழக்கமா வாங்குறது ஜெயில் கடையிலதானே அண்ணா? அத சுட்டது யாருன்னு நெனச்சிகினு கீறீங்க?"

"அது கவருமெண்டு ரொட்டிம்மா" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதே மாவு, அதே கை. பூட்டி வைத்திருக்கும்வரை அந்தக் கை சுத்தம், வெளியே வந்துவிட்டால் ஆகாது. பிறர் பிழை பொறுப்பதைப் பற்றி அப்போதுதான் உருகி உருகி ஜெபித்திருந்தார்கள். அங்கிருந்தவர்களில் ஒருவராவது கூடைக்குள் கை விட்டு ஒரு துண்டைப் பிட்டுத் தின்றிருக்கலாம். ஒருவரும் தின்னவில்லை.

கூடை வீட்டுக்குத் திரும்பியது. கல்மண்டபத்துக்காரர் கைவிரித்துவிட்டார். மாமா மணலியில் டேங்கர் லாரி கழுவப் போனார்.

அடுத்த வாரம் அம்மா ஜெயில் கடையிலேயே வாங்கி வந்து நேர்ச்சையைத் தீர்த்தாள். கமிட்டித் தலைவர் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். மாமாவும் வரிசையில் நின்று தன் துண்டை வாங்கி மெதுவாக மென்றார். "மாவு இன்னும் கொஞ்சம் பொங்கியிருக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு அருமையான யோசனை ஒன்று தோன்றியது. மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, நீ திரும்பவும் அங்கியே போயிடேன். அங்க சுட்டா எல்லாரும் துன்றாங்கல்ல?"

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அடுத்த அடி விழுவதற்குள் மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுடுக்கா. தெருவே சொல்றததான் கொயந்தயும் சொல்லுது."

நல்லதைத்தானே சொன்னேன், இதற்குப் போய் எதற்கு அடி என்று வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.