நோரீன் கழுவிய புறாக்கள்

நோரீனுக்கு அழுக்கு ஆகாது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். அவள் தேய்த்த பாத்திரத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம். நானும் அவளும் அதே பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தோம். அப்போதே என் மேசையையும் சேர்த்துத் துடைத்துவிட்டு என்னைத் திட்டுவாள்.

அவள் கணவன் ஐவர் நேர் எதிர். வடிகால் தூர்வாரும் இயந்திரம் ஓட்டியவன், சேறும் சகதியுமாகத்தான் வீட்டுக்கு வருவான். அவனுக்கு ஒரே பைத்தியம், புறா சுடுவது. இங்கிலாந்தில், எங்கள் லிங்கன்ஷயர் பக்கம் பட்டாணி போடுகிறவனுக்குப் புறாவைவிடப் பெரிய எதிரி கிடையாது. முளை தலைகாட்டியதும் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கி, ஒரு வாரத்தில் வயலை மொட்டையடித்துவிடும். முப்பது வருடமாக என் வயலைக் காத்தவன் ஐவர்தான். பத்துப் பன்னிரண்டு பொம்மைப் புறாக்களை வயலில் வைத்துவிட்டு, வடிகால் ஓரம் வலைமறைப்புக்குள் உட்கார்ந்திருப்பான். தங்கள் கூட்டம் மேய்கிறது என்று நம்பி வரும் புறாக்களைச் சுடுவான். சுட்ட நாளெல்லாம் என் பின்வாசல் கொக்கியில் ஒரு ஜோடி தொங்கும். நிலத்துக்காரனுக்கு மரியாதை. ஒன்றே ஒன்று கிடைத்த நாளில் எதையும் தொங்கவிடமாட்டான். ஒற்றைப் புறா கொடுப்பது அவனுக்குக் கேவலம்.

போன நவம்பரில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. "இல்ல" என்ற ஒரு சொல்தான் மிச்சம். தேநீர் வேண்டுமா என்றாலும் "இல்ல", வேண்டாமா என்றாலும் "இல்ல". ஜன்னலோரம் உட்கார்ந்து என் வயல் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் நோரீன் என்னிடம் வந்தாள்.

"இந்த வருஷம் நான் சுடுறேன், க்ளெம்."

"நீயா? கரண்டி பிடிச்ச கையா?"

"குளிர்காலம் பூரா ஆகாசத்துல வீசற களிமண் தட்டைச் சுட்டுப் பழகியிருக்கேன்பா. லைசென்ஸும் வாங்கிட்டேன். இவன கூட்டிட்டுப் போய் பக்கத்துல உக்கார வச்சுக்கறேன். வயலும் போச்சுன்னா இவன் எதுக்காக எந்திரிப்பான், சொல்லு?"

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் பட்டாணி பட்டாணிதான். பீட்டர்பரோவிலிருந்து டெரன்ஸ் என்ற ஆள் என் வயலில் சுட ஏற்கெனவே கேட்டிருந்தான். பொம்மைப் புறாக்களைப் பேட்டரியில் சுழற்றும் இயந்திரம் வைத்திருப்பவன். "ஒரு வாரம் பாக்கறேன். சனிக்கிழமைக்குள்ள புறா அடங்கலைன்னா, திங்கக்கிழமை டெரன்ஸ் வருவான். ஒரு வயல்ல ரெண்டு துப்பாக்கிக்கு இடமில்ல" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பள்ளிக்கூட ஞாபகமே வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை டிராக்டரில் போனபோதே கண்டுகொண்டேன். பொம்மைகள் மூன்று வயல் தள்ளியே தெரியும்படி மினுமினுவென்று மின்னின. மகராசி, பொம்மைகளைக் கழுவியிருக்கிறாள்! முப்பது வருட அழுக்கை வெந்நீரில் சோப்புப் போட்டுத் தேய்த்து, மேல் பூச்சாக மேசை மெழுகும் போட்டிருக்கிறாள். அதோடு நேர்வரிசையில் வேறு அடுக்கியிருந்தாள், மதியச் சாப்பாட்டுத் தட்டு வைத்ததுபோல. காட்டுப்புறா மின்னாது. வந்த கூட்டம் தலைக்கு மேலே வந்ததும் சட்டென்று திரும்பிப் பறந்தது.

இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவளால் ஆகாது என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன், அவ்வளவுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஐந்து நாள் ஒரு புறாகூட விழவில்லை. சனிக்கிழமை மத்தியானம், டெரன்ஸ் வருகிற விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று வடிகால் கரையோடு நடந்தேன். நெருங்கியபோது நோரீனின் குரல் கேட்டது. புதர் மறைவிலேயே நின்றுவிட்டேன்.

"திங்கக்கிழமையிலேர்ந்து இல்ல, இல்ல, இல்ல! என்னய்யா இல்ல? நான் சுடறது பிடிக்கலையா? லாயக்கில்லன்னு சொல்றியா? சரி, வா, வீட்டுக்குப் போலாம். இந்தச் சனியனெல்லாம் நாளைக்கே தூக்கிப் போட்டுடறேன்."

சொல்லிக்கொண்டே அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

ஐவர் தடியை ஊன்றி எழுந்தான். தட்டுத்தடுமாறி முதல் பொம்மைவரை போனான். குனிந்து எடுத்து, கரையிலேயே உட்கார்ந்தான். அதன் முதுகில் காறித் துப்பினான். இடது கையால் ஈர மண்ணை அள்ளி அப்பிப் பூசினான்.

நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனாள்.

"இதுக்கா? அஞ்சு நாளா இதுக்கா கத்தினே?"

"இல்ல" என்றான் ஐவர், ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "உனக்கு சந்தோஷமா இருக்கும்னுதானேய்யா ராவெல்லாம் உக்காந்து தேச்சேன்!" பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் பன்னிரண்டு பொம்மைக்கும் சேறு பூசினார்கள். ஐவர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். அவளுக்குப் புரிந்தது. கைக்குட்டை நுனியால் ஒவ்வொன்றின் கழுத்திலும், காட்டுப்புறாவுக்கு இருக்கும் அந்த வெள்ளைப் பட்டையை மட்டும் துடைத்துவிட்டாள். பிறகு அவன் தடியால் காட்டக் காட்ட, காற்று வரும் பக்கம் முகம் வைத்து, குதிரை லாட வடிவில், நடுவே இறங்க இடம் விட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்தாள். அவள் நகத்தில் சேறு. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

ஒரு மணி நேரம் கழிந்தது. நானும் முட்டி வலியோடு அங்கேயே நின்றேன். கடைசியில் கிழக்கிலிருந்து ஒரு புறா வந்தது. இறக்கையை விரித்தபடி அந்தக் காலி இடத்துக்குச் சரிந்து இறங்கியது. முதல் குண்டு காற்றில் போயிற்று. இரண்டாவது குண்டுக்கு விழுந்தது. ஐவர் ஒரு கையால் தன் தொடையைத் தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது.

அன்றைக்கு அந்த ஒன்றுதான். நான் வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பினேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

ஞாயிறு காலை பின்கதவைத் திறந்தேன். கொக்கியில் ஒரு ஜோடி தொங்கியது. ஒன்று புறா. இன்னொன்று பொம்மை. சேறு பூசிய பொம்மை, கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு. கயிற்று முடிச்சு கோணல்மாணலாக இருந்தது. ஒற்றைக் கையால், பல்லால் இழுத்துப் போட்ட முடிச்சு.

இரண்டையும் கொக்கியிலிருந்து இறக்கினேன். பிறகு டெரன்ஸுக்குப் போன் செய்து, "வேணாம்பா, எங்க வயலுக்கு ஆள் இருக்கு" என்றேன்.

பொம்மையை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். ஐவர் ஜன்னலோரம் இல்லை. வாசலிலேயே உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தான். பக்கத்தில் நோரீன், நான் என்ன சொல்லப்போகிறேனோ என்று முகம் வெளிறிப்போய் நின்றாள்.

பொம்மையை அவன் மடியில் வைத்தேன்.

"டேய், மூணு மணி நேரமா அடுப்புல கிடக்கு. வேகவே மாட்டேங்குதுடா."

ஐவர் சிரித்தான். பழைய சிரிப்பு, சாராயக்கடை முழுக்கக் கேட்கும் அதே சிரிப்பு. பக்கவாதம் அதைத் தொடவே இல்லை.

நோரீன் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "நவம்பருக்கு அப்புறம் இப்பதான், க்ளெம்" என்றாள். அவள் நகத்தில் சேறு அப்படியே இருந்தது.