பெரியகாணியும் ஒரே படிவமும்

எந்தத் துறையின் ஆராய்ச்சியாக இருந்தாலும் அதன் தரத்தை ஒரே படிவத்தில் அளந்துவிட வேண்டும் என்று எங்கள் கல்லூரி முதல்வருக்கு ஓர் ஆசை வந்தது. வெளியிலிருந்து ஒரு குழு பார்வையிட வரப்போகிறது, அவர்களிடம் காட்ட ஏதாவது வேண்டும். படிவத்தைத் தயாரிக்கும் குழுவில் தமிழ்த்துறைக்காக என்னைச் சேர்த்தார்கள். கல்யாண வீட்டில் தூரத்துப் பெரியப்பாவை முன்வரிசையில் உட்கார வைப்பது போலத்தான். உட்காரலாம், எதிலும் தலையிடக் கூடாது. ஆனால் சும்மா உட்காரும் வழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இல்லை, வீட்டிலும் இதற்காகத் திட்டு வாங்கியவள்தான்.

குழுவின் தலைவர் வேதியியல் பேராசிரியர். சீயமங்கலம் பக்கத்துக்காரர். யாரிடமும் காசு வாங்காதவர், யாருக்கும் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடாதவர். அப்படிப்பட்ட ஆளோடு சண்டை போடுவது கஷ்டம். அவரே உட்கார்ந்து தயாரித்த படிவத்தை முதல் கூட்டத்தில் எங்கள் முன் வைத்தார். எத்தனை மாதிரிகள், எத்தனை அட்டவணைகள், இன்னொருவர் அதே வேலையைத் திரும்பச் செய்தால் அதே விடை வருமா என்று கேள்விகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டுத்தொகை ஒரு கோட்டைத் தாண்டாவிட்டால் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போகாது, கல்லூரி வாசலிலேயே நின்றுவிடும்.

எனக்கு உடனே என் மாணவியின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. வல்லம் பக்கம் ஒரு கிறிஸ்தவ விவசாயக் குடும்பம். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவள். அந்தப் பக்கத்துக் கழனிகளுக்கு ஊரார் என்னென்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அவள் ஆய்வு. வரும் பொங்கலோடு அவளுடைய பதிவுக் காலம் முடிகிறது. அதற்கு முன், ஆவணிக்குள், ஒரு கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஆய்வேட்டைக் கொடுத்தவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். அவள் வேலையில் ஒரு கழனிக்கு ஒருவர் ஒரு பெயர் சொல்வார், அடுத்த தெருக்காரர் வேறு பெயர் சொல்வார். அந்த வேறுபாடுதான் அவள் தேடிப் போனது. இந்தப் படிவத்தில் அது தப்பு, மதிப்பெண் பூஜ்யம்.

“இந்தப் படிவத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றேன்.

“தரமே வேணாங்கிறீங்களா மேடம்?” என்றார் வேதியியல்காரர். “உங்க துறையில ஒருத்தரப் புகழ்ந்து நூறு பக்கம் எழுதினா ஆராய்ச்சின்னு சொல்லிடுறீங்க. அளவுகோல் இல்லன்னா ஆளாளுக்கு இஷ்டம்தான்.”

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால் கோபம் இரண்டு மடங்கு வந்தது. தரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் தரத்தை நீங்கள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்றேன். விளைச்சலை ஏலம் விடும் செஞ்சி கமிட்டிக்கு நெல்லும் வருகிறது, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் வருகிறது. நெல்லைக் கையில் அள்ளி ஊதிப் பார்க்கிறார்கள், பதர் பறக்கிறதா என்று. மல்லாட்டையை உடைத்துப் பருப்பைப் பார்க்கிறார்கள். மல்லாட்டையை ஊதிப் பார்த்து விலை சொல்லும் வியாபாரி இருந்தால் எனக்கும் காட்டுங்கள் என்றேன். வணிகவியல்காரர் மட்டும் சிரித்தார். முதல்வர், உவமையெல்லாம் வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அந்த வார்த்தை உறுத்தியதில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த கூட்டத்துக்கு உவமை எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. வேதியியல்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “உங்க லேபுக்குப் புதுசா ஒரு தராசு வந்தா முதல்ல இன்னா சார் பண்ணுவீங்க?”

“எடை தெரிஞ்ச படிக்கல்ல வெச்சுப் பார்ப்போம். சரியாக் காட்டுதான்னு தெரியணும் இல்ல.”

“அப்ப இந்தப் படிவத்துக்கும் வெச்சுப் பார்த்துடலாம்.”

நூலகத்திலிருந்து இரண்டு ஆய்வேடுகளைக் கொண்டுவந்திருந்தேன். ஒன்று எங்களோடு குழுவில் இருந்த கணிதப் பேராசிரியையுடையது. மெலிந்த ஆய்வேடு. அவர் துறையில் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலில் மரியாதை ஏறும். நல்லது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று எங்கிருந்தோ வந்து அலமாரியில் கிடக்கும் தடித்த ஆய்வேடு. அது நாலு பேருடைய பக்கங்களை ஒட்டித் தைத்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும். எழுதியவர் யார், எந்தத் துறை என்பது இப்போது வேண்டாம். இரண்டுக்கும் மதிப்பெண் போடுங்கள் என்று வேதியியல்காரரிடமே கொடுத்தேன்.

அவர் ஏமாற்றவில்லை. படிவத்தில் என்ன கேட்டிருந்ததோ அதைப் பார்த்துப் போட்டார். கணித ஆய்வேட்டில் மாதிரி இல்லை, பூஜ்யம். அட்டவணை இல்லை, பூஜ்யம். திரும்பச் செய்து பார்த்த விவரம் என்ற இடத்தில் அவர் பேனா நின்றது. அதுவரை வாய் திறக்காத கணிதப் பேராசிரியை சொன்னார். “ஒரு தடவ நிரூபிச்சாப் போதும் சார். மறுபடி மறுபடி நிரூபிச்சா மட்டும் இன்னும் கொஞ்சம் உண்மையா ஆயிடுமா?”

தைத்த ஆய்வேட்டில் மாதிரிகள் ஏராளம், அட்டவணைகள் அதைவிட ஏராளம். அது கோட்டைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. கணிதம் கோட்டுக்குக் கீழே கிடந்தது. வேதியியல்காரர் கூட்டலை இன்னொரு முறை சரிபார்த்தார். பிறகு படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று அப்போது நினைத்தேன், பெருமையாகவும் இருந்தது.

“சரி மேடம்” என்றார் அவர். “அவங்கவங்க துறைக்கு அவங்கவங்களே அளவுகோல் எழுதிக்கட்டும். ஆனா ஒண்ணு. ஒவ்வொரு ஆய்வேட்டையும் பார்க்கும்போது வேற துறை ஆள் ஒருத்தர் உட்காரணும். அவர் தன்னோட அளவுகோல எடுத்துட்டு வரக் கூடாது. நீங்க எழுதுனத வெச்சே உங்களக் கேட்பாரு.”

நான் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் நடந்தது.

எங்கள் துறைக்கான அளவுகோலை நானே எழுதினேன். உங்கள் படிவத்தைவிடக் கடுமையாக இருக்கும் பாருங்கள் என்ற வீம்போடு எழுதினேன். இருவர் வேறு வேறாகச் சொன்னால் ஒருவரைத் திருத்தாதே, இரண்டையும் எழுது. உனக்குப் பிடிக்காத விடையை அடிக்குறிப்பில் ஒளிக்காதே. யாரிடம் கேட்டாய் என்று சொல், யாரிடம் கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை என்றும் சொல். கடைசி வரியை எழுதியபோது எனக்கே பிடித்துப்போய் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.

ஆடியில் என் மாணவியின் ஆய்வேடு பார்வைக்கு வந்தது. வெளித்துறை ஆளாக வேதியியல்காரரே வந்து உட்கார்ந்தார். அவள் வரைபடத்தை விரித்து அழகாகப் பேசினாள். அவள் அப்பாவின் கழனியிலிருந்துதான் ஆய்வு தொடங்குகிறது. அதன் பெயர் பெரியகாணி. நடுவில் வரப்பே இல்லாமல் ஒரே வீச்சாகக் கிடக்கும் கழனி, அந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் அப்படி இல்லை என்றாள். வேதியியல்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசிப் பக்கங்களில் தகவல் சொன்னவர்களின் பெயர்களைப் பார்த்தார்.

“எல்லாம் ஆம்பளைங்க பேராவே இருக்குதேம்மா” என்றார். “எங்க ஊர்ல நாத்து நடுறது, களை எடுக்கிறது எல்லாம் பொம்பளைங்கதான். அவங்ககிட்ட கேக்கலியா?”

அவள் யோசிக்காமல் பதில் சொன்னாள். “அவங்க கூலிக்கு வர்றவங்க சார். சொந்தக் கழனி கெடையாது. அவங்களுக்கு இன்னா பேரு தெரியப்போவுது?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் அளவுகோலின் கடைசி வரியை மட்டும் மெதுவாக வாசித்தார். அந்தப் பெயர்களை நான் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு பெண்தான். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்று என் காதிலேயே கேட்டது.

முதல்வர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஒரு அடிக்குறிப்பு சேர்த்து அனுப்பிடுங்க மேடம். பல்கலைக்கழகத்துல யாரும் இதக் கேக்கப்போறதில்ல. அந்தப் பொண்ணு வேலைய நினைச்சுப் பாருங்க.” நினைத்துப் பார்த்தேன். அடிக்குறிப்பில் ஒளிக்காதே என்று எழுதியதும் நான்தானே. வேதியியல் படிவம் தப்பாக அளக்கிறது என்று மேசையைத் தட்டியவள், என்னுடையது சரியாக அளந்தவுடன் தராசைக் கவிழ்த்தால் எனக்கும் அந்தத் தைத்த ஆய்வேட்டுக்காரருக்கும் என்ன வித்தியாசம்? முடியாது என்றேன். படிவத்துக்கும் முடியாது, இதுக்கும் முடியாதா என்று கேட்டார். இரண்டுக்கும் ஒரே காரணம்தான் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாணவி பேருந்து நிலையத்தில் வல்லம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். அங்கேயே போய்ச் சொன்னேன். நடவு நடக்கும் பருவம் இது, கழனிக்குப் போய் அந்தப் பெண்களிடம் கேட்டுவிட்டு வா, அதுவரை கையெழுத்துக் கிடையாது என்று.

“ஆவணி போயிடும் மேடம்.”

“தெரியும்.”

“எனக்காகத்தான் அவங்ககூடச் சண்ட போட்டீங்கன்னு நெனச்சேன். அந்த ஃபார்ம் வந்திருந்தா அவங்க கெடுத்துட்டாங்கன்னு சொல்லி அழுதிருப்பேன். இப்ப யாரச் சொல்றது?”

“என்னச் சொல்லு” என்றேன். பஸ் வந்ததும் ஏறி, என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்துகொண்டாள்.

ஆவணி போனது. அந்த வேலைக்கு வேறு ஒருவர் போய்ச் சேர்ந்தார். அவள் எனக்கு ஒரு தகவலும் அனுப்பவில்லை. நான் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. துறையில் சிலர், பாவம் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிட்டார் என்று என் காதுபடப் பேசினார்கள். பேசட்டும் என்று வெளியில் நிமிர்ந்து நடந்தேன். வீட்டுக்குப் போனால் அந்த நிமிர்வு இருக்காது, அவள் கையெழுத்தில் இருந்த பழைய பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கார்த்திகையில் ஒரு மழைநாளில் அவள் வந்தாள். கறுத்து, மெலிந்திருந்தாள். வணக்கம்கூடச் சொல்லாமல் செல்போனை மேசையில் வைத்து அழுத்தினாள். தண்ணீரில் கால் வைக்கும் சத்தம், பெண்களின் சிரிப்பு, அதற்கு நடுவில் ஒரு குரல். “எந்தக் கழனின்ற? உங்க நைனாவோடதா? அது இடுப்பொடிச்சான் ஆச்சே.”

“மொதல்ல சொல்லவே மாட்டேன்னாங்க மேடம்” என்றாள். “மொதலாளி பொண்ணு கேட்டா எப்படிச் சொல்லுவாங்க. அவங்ககூட எறங்கி நட்டேன். ரெண்டாம் நாள் எனக்கே இடுப்பு வுட்டுப்போச்சு. மத்தக் கழனியில நடுவுல வரப்பு வரும், கொஞ்சம் நிமிரலாம். எங்களுதுல நிமிர எடமே இல்ல. அதாலதான் அந்தப் பேரு.”

வரப்பில்லாததால் அவள் அப்பாவுக்குப் பெரியகாணி. அதே வரப்பில்லாததால் அவர்களுக்கு இடுப்பொடிச்சான். அந்த ஒன்று மட்டுமில்லை, அவள் வரைபடத்தில் இருந்த பெரும்பாலான கழனிகளுக்குப் பெண்களிடம் வேறு பெயர் இருந்தது. அவள் என் சமாதானத்துக்காகக் காத்திருக்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் ஆய்வேட்டை முழுதாகத் திருத்திக் கொடுத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

பொது வாய்மொழித் தேர்வு நல்ல வெயில் நாளில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். வேதியியல்காரர் கடைசி வரிசையில் இருந்தார். அவளுடைய அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவள் வரைபடத்தைத் திரையில் போட்டாள். பெரும்பாலான கழனிகளின் மேல் இரண்டு பெயர்கள், ஒரே அளவு எழுத்தில். பெரியகாணி வந்தது, அதன் கீழே இடுப்பொடிச்சானும் வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தன் கேள்விகளை முடித்துவிட்டு, வேறு யாராவது கேட்கிறீர்களா என்றார்.

அப்பா எழுந்தார். “எங்க தாத்தா காலத்துலேர்ந்து அது பெரியகாணி. இந்த இன்னொரு பேர எழுதாம வுட்டிருந்தா இன்னாம்மா ஆயிருக்கும்?”

அவள் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள்.

“எனக்கு வேல கெடச்சிருக்கும் நைனா” என்றாள்.

அவர் உட்காரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப எங்க பேரு?”

“அதுவும் இருக்குது பாரு நைனா. ரெண்டும் இருக்குது. எதையும் அடிக்கல.”

அவர் மெல்ல உட்கார்ந்தார். தேர்வாளர் அடுத்த கேள்வி உண்டா என்று கேட்டார். கடைசி வரிசையில் வேதியியல்காரர் கை தூக்கவில்லை.