பிட்சரும் எங்கள் தெரு அக்காவும்

நான் பேஸ்பால் மட்டையைத் தொட்டதில்லை. ஒரு ஆட்டத்தை முழுசாகப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அமெரிக்காவில் ஏதோ ஒரு நகரத்து பேஸ்பால் டீமுக்காக இரண்டு வருடம் உயிரை விட்டேன் என்று சொன்னால், இன்று என் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். அந்த டீம் தோற்ற ஒரு நாள் காலையில் நான் இட்லியைத் தொடாமல் படுத்துவிட்டேன்.

இரண்டாயிரத்துகளின் நடுவில், தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்தேன். எங்களுக்கு வருகிற போன் எல்லாம் அந்த ஒரே நகரத்திலிருந்து வரும். கேபிள் டி.வி. கஸ்டமர்கள். படம் தெரியவில்லை என்றும் பில் தப்பு என்றும் கத்துவார்கள். எங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்த டிரெய்னர், முதல் நாளே ஒரு வித்தை கற்றுக்கொடுத்தார். கஸ்டமர் கொதிக்க ஆரம்பித்தால், அவர்கள் ஊர் டீமைப் பற்றி ஒரு வார்த்தை போட வேண்டும், அடங்கிவிடுவார்கள். அதற்காக எங்களுக்கு பேஸ்பால் பாடம் நடந்தது. பந்து போடுகிறவன் பிட்சர், அவன் ஓடிவரமாட்டான், நின்ற இடத்திலிருந்தே எறிவான் என்பதை எல்லாம் திருக்குறள் மாதிரி மனப்பாடம் செய்தோம்.

வித்தை பலித்தது. பலித்ததோடு நிற்காமல் எங்களையே பிடித்துக்கொண்டது. ஷிப்டு ஆரம்பிக்கும்போது வெள்ளைப் பலகையில் அன்றைய ஸ்கோரை எழுதுவார்கள். நம் டீம் ஜெயித்திருந்தால் கஸ்டமர்கள் சாந்தமாக இருப்பார்கள், எங்கள் பொழுதும் நன்றாகப் போகும். தோற்றிருந்தால் அத்தனை திட்டும் எங்கள் காதில் விழும். அப்படிப்பட்ட டீமை எப்படி நேசிக்காமல் இருப்பது? அதிலும் ஒரு பிட்சர் இருந்தான். அவன் எறிகிற நாளில் எங்களுக்குத் திட்டே கிடையாது. அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். அவன் முகத்தைக் கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

இந்த வேலைக்கு அப்பா என்னைச் சும்மா அனுப்பவில்லை. அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில், நாலு வீடு தள்ளி ஒரு அக்கா இருந்தாள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். அவள்தான் முதலில் அங்கே சேர்ந்தாள். ராத்திரி வேலை என்றதும் அப்பா முடியாது என்றார். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, "நான் கூடவே கூட்டிட்டுப் போய் கூடவே கூட்டிட்டு வரேன் மாமா, நீங்க கவலையே படாதீங்க" என்றாள். அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவ போற வரைக்கும் நீ போ. அவ நின்னா நீயும் நின்னுடணும்." அந்த நிபந்தனை அவளுக்கும் தெரியும். அவள் முன்னால்தான் அப்பா சொன்னார். நானும் சரி என்றேன். அவள் நிற்பாள் என்று எனக்கு ஏன் தோன்றப்போகிறது?

ஆபீஸ் அனுப்புகிற காரில் நாங்கள் நாலு பேர். டிரைவர், அக்கா, நான், அப்புறம் ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஏறுகிற ஒரு அண்ணன். அவர் அத்தாவுக்கு, அதாவது அவர் அப்பாவுக்கு, அந்தச் சந்திப்பில் எலக்ட்ரிக் சாமான் கடை. அவருக்குக் கடையில் உட்காரப் பிடிக்காமல் எங்களோடு வந்து போனில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். பேஸ்பாலில் அவர்தான் எங்களுக்குப் புலி. எந்த வருடம் யார் எப்படி ஆடினான் என்று கேட்டால் மடமடவென்று கொட்டுவார்.

அந்த மழைக்காலத்தில் அவர்தான் சேதி கொண்டுவந்தார். "தெரியுமா? நம்ம பிட்சர் ஃப்ரீ ஏஜென்ட் ஆயிட்டான்."

எங்கள் வேலையில் எங்களுக்குப் பெயரே ஏஜென்ட்தான். போன் வராமல் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் அவர் ஃப்ரீ. அதனால் நான், "ஐயோ பாவம், அவனுக்கு கால் வரலையா?" என்று கேட்டுவிட்டேன். கார் குலுங்கச் சிரித்தார்கள். அண்ணன்தான் விளக்கினார். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி அவன் எந்த டீமுக்கு வேண்டுமானாலும் போகலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

போயும் விட்டான். அதுவும் எங்கே? வருடா வருடம் நம்மை மண்ணைக் கவ்வ வைக்கிற அந்த எதிரி டீமுக்கே. மறுநாள் ஷிப்டில் பில் பற்றி யாருமே பேசவில்லை. ஒரு கிழவர் டி.வி. இணைப்பை வெட்டச் சொல்லி போன் செய்தார். ஏன் சார் என்று கேட்டேன். இனிமேல் யாரைப் பார்ப்பதற்கு என்றார். குரல் உடைந்திருந்தது. அவரைச் சமாதானப்படுத்தி இணைப்பை வெட்டாமல் காப்பாற்றுவதுதான் என் வேலை. நான் செய்யவில்லை. "ஆமாம் சார், அவன் செய்தது துரோகம்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு அவர் கேட்டபடி வெட்டிக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் காரில் இதே பேச்சு. மழைத் தண்ணீர் தெருவில் நின்றதால் டிரைவர் ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். பேசுவதற்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது.

"துட்டு. வேற இன்னா இருக்கு இதுல?" என்பார் டிரைவர். "இன்னா மேடம் நீங்க, அவன் எங்க போனா உங்களுக்கு இன்னா பேஜாரு? தண்ணி நிக்குது, வண்டிய எப்டி வுடறதுன்னு நான் யோசிச்சிகினு கீறேன்."

அண்ணன் ஒத்துக்கொள்ளமாட்டார். "துட்டு இல்லண்ணா. போன சீசன்ல முக்கியமான மேட்ச்ல அவனைப் பாதியில வெளிய எடுத்தாங்க. அவமானம். அந்த ரோஷம்தான்."

"என்ன ரோஷமா இருந்தாலும் எதிரிகிட்ட போவாங்களாண்ணா?" என்று நான் கத்துவேன். "அந்த ஊரு எவ்ளோ கொண்டாடுச்சு அவனை!"

அக்கா மட்டும் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடியபடி அவனுக்காக வாதாடுவாள். அவன் பெண்டாட்டிக்கு அந்த ஊர் பிடிக்காமல் இருந்திருக்கலாம். அவனுக்குத் தோள் வலி இருந்திருக்கலாம். ஒரே இடத்தில் இருந்து சலித்துப்போயிருக்கலாம். "அவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு உனக்கு எப்படிடி தெரியும்? ஊர்ல இருக்கறவங்க கைதட்டினா, அதுக்காக அவன் சாகற வரைக்கும் அங்கேயே நிக்கணுமா?"

"நிக்க வேணாம்க்கா. ஆனா போற விதம் ஒண்ணு இருக்கு இல்ல?"

"சரி, போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போயிருந்தா? அப்போ மன்னிச்சிருப்பியா?"

எனக்கு அந்தக் காலை நன்றாக நினைவிருக்கிறது. சேலையூர் பக்கம் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் கண்ணைத் திறந்து, என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். நான் வாதத்தின் சூட்டில் இருந்தேன். "சொல்லிட்டுப் போனாலும் துரோகம் துரோகம்தான்" என்றேன். அவள் "அப்படியா" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். என் வாயைப் பிடுங்குகிறாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. அன்று சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. வழக்கம்போல நான் கிளம்பி நின்றேன். அப்பா குடை பிடித்து என்னைக் காருக்குக் கொண்டுவந்து விட்டார். அக்கா வரவில்லை. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். நானே அவள் வீட்டு கேட்டைத் தட்டினேன். அப்பாவும் பின்னால் வந்து நின்றார். அவள் அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அவ மத்தியானமே போயிட்டாளேம்மா. மகாபலிபுரம் ரோட்டுல புது ஆபீஸ், இன்னைக்குச் சேர்றா, இனிமே பகல் வேலை. அவங்களே கார் அனுப்பினாங்களே. ஏன், உனக்குத் தெரியாதா?"

உனக்குத் தெரியாதா! பக்கத்து சீட்டில் என் தோளில் தலை வைத்துத் தூங்கியபடி அன்று காலைதான் வீடு திரும்பியிருந்தாள். இறங்கும்போது "சாயங்காலம் பாப்போம்" என்று வேறு சொல்லியிருந்தாள். நான் திரும்பி அப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் கத்தவில்லை. கார் ஜன்னலிடம் போய், "நீ கிளம்புப்பா, இது இனிமே வராது" என்றார். டிரைவர் என்னைப் பார்த்தார். "அப்பா, இன்னைக்கு மட்டும் போயிட்டு வந்துடறேன், சொல்லிட்டாவது வரேன்" என்று கெஞ்சினேன். தெருவில் நின்று அழுதேன் என்பதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அப்பா குடையை என் தலைக்கு மேல் பிடித்தபடி வீட்டுப் பக்கம் நடந்தார். நனையாமல் இருக்க நானும் கூட நடந்தேன்.

இரண்டாம் நாள் ஆபீசிலிருந்து டீம் லீடர் போன் செய்தார். அப்பா எடுத்தார். "அவ வரமாட்டா" என்று சொல்லி வைத்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகிறவர்களுக்கு அந்தத் தொழிலில் ஒரு பெயர் உண்டு. அப்ஸ்காண்ட். ஒரே நாளில் எங்கள் இருவர் பெயருக்கும் எதிரே அதைப் போட்டிருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் படியேறிப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ அழுவே. உங்கப்பா என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசுவாரு. எல்லாரும் சேர்ந்து என்னை நிறுத்திடுவீங்கடி."

"எங்க அப்பாகிட்ட நானாவது முன்னாடியே பேசியிருப்பேனே. உன்னை விட்டா எனக்கு வேலை இல்லைன்னு உனக்குத் தெரியும்தானே?"

அவள் ஒரு ஈரத் துண்டை உதறினாள். "நீதானே சொன்னே, சொல்லிட்டுப் போனாலும் துரோகம்தான்னு. கேட்டுப் பாத்தேன் இல்ல? ரெண்டும் ஒண்ணுன்னா, சொல்லி எதுக்கு வாங்கிக் கட்டிக்கணும்?"

"அது பேஸ்பால்க்கா!" என்று கத்தினேன். "அவன் யாரோ, நான் யாரோ!"

அவள் கயிற்றில் கிளிப்பை மாட்டிக்கொண்டே இருந்தாள். சம்பளத்துக்காகப் போனாளா, பகல் வேலைக்காகவா, என்னை இழுத்துக்கொண்டு திரிந்து சலித்துப்போனாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருவேளை மூன்றுமாகவும் இருக்கலாம். தெரிந்தாலும் ஆறியிருக்காது. நான் யாரோ ஒரு பிட்சருக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து தன் வழக்கை என்னிடமே வாதாடித் தீர்ப்பும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அதற்கு அப்புறம் எனக்கு வேலை கிடைக்க ஒரு வருடம் ஆனது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் ரைம்ஸ் சொல்லிக்கொடுக்கும் வேலை. அப்பாவுக்குத் திருப்தி. கேபிள் கஸ்டமர்களிடம் பேசிய இங்கிலீஷை நாலு வயதுப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

ஒரு நாள் பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஒரு ஸ்விட்ச் வாங்க ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்குப் போனேன். கல்லாவில் அந்த அண்ணன் உட்கார்ந்திருந்தார். அத்தாவுக்கு உடம்பு சரியில்லாமல் கடைக்கே வந்துவிட்டாராம். என்னைப் பார்த்ததும் எழுந்தார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவர் சிரித்தாலும், சிரிப்பு கண்வரை போகவில்லை.

"வாம்மா. ரெண்டு பேரும் பிளான் பண்ணி ஒரே நாள்ல எகிறிட்டீங்க, இல்ல? காருக்குள்ள அவ்ளோ பேசினே."

"நானா? நான் எங்கண்ணா போனேன்?"

"டீம் லீடர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரும்மா, இதுவும் அவளோட போயிடுச்சான்னு. இல்ல சார், அந்தப் பொண்ணு அப்படிப் பண்றது கிடையாது, நாளைக்குப் பாருங்க வரும்னு நான் சொன்னேன். அடுத்த நாளும் பார்த்தோம். ஃப்ளோர்ல எல்லாரும் என்னைத்தான் ஓட்டினாங்க."

நடந்ததைச் சொன்னேன். அப்பா, குடை, அவள் வீட்டு கேட், டிரைவரிடம் சொன்னது எல்லாம். கடையில் ஆள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். யாருக்கோ பல்பை மாட்டி எரியவிட்டுக் காட்டிக்கொண்டே அவர் கேட்டார். சொல்லச் சொல்ல என் கதை எனக்கே ஜோடித்தது மாதிரிக் கேட்டது.

"சரி விடும்மா" என்றார் கடைசியில். "டிரைவரும் அன்னைக்கு இதைத்தான் சொன்னாரு. எல்லாரும் வீட்டு மேலதான் பழியைப் போடுவாங்க. போனா போனதுதான், யாருதான் போகல? எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு, அங்க எவ்ளோ குடுத்தாங்க?"

நான் எதைச் சொன்னாலும் அவர் அதைச் சமாளிப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார். ஸ்விட்சை வாங்காமலேயே படியிறங்கி வந்துவிட்டேன். அதையும் அவர் நான் ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.